ஹோம்லி
1998இல் எனக்கு வரன் தேடி, அப்பா ஓர் ஆங்கில நாளிதழில் விளம்பரம் கொடுத்தார். வரிக்கு இவ்வளவு என்று கட்டணம். படிப்பு, நிறம், உயரம் எழுதிய பிறகு மிஞ்சிய இடத்தில் 'ஹோம்லி' என்ற சொல்லைச் சேர்க்கச் சொன்னார் விளம்பர முகவர். "குடும்பப் பாங்கான பொண்ணுன்னு அர்த்தம் சார்." முள்ளிப்பட்டில் யாரும் அதை அகராதியில் தேடவில்லை.

பின்னாளில் நான் தேடினேன். 'ஹோம்', அதாவது வீடு என்பதிலிருந்து பிறந்த சொல். 14ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் வீட்டைச் சார்ந்தது, எளிமையானது என்று பொருள். அந்த எளிமையே, முகத்தைப் பற்றிப் பேசும்போது 'அழகற்றது' என்றாகிவிட்டது. அமெரிக்காவில் இன்றும் ஒரு பெண்ணை அப்படிச் சொன்னால் அவமதிப்பு. பிரிட்டனில் கதகதப்பான அறையை அப்படிப் பாராட்டுவார்கள். நம் திருமண விளம்பரங்களிலோ அடக்கமாக வீட்டைப் பார்த்துக்கொள்பவள். 'ஹோம்லி' மணமகன் என்று நான் எங்கும் படித்ததில்லை. தமிழும் சளைத்ததல்ல: 'இல்லாள்' என்றால் மனைவி, 'இல்லான்' என்றால் வறியவன். வீடு பெண்ணோடு மட்டுமே ஒட்டிக்கொள்கிறது.

ஆனால் எது வீடு? எங்கள் வீட்டுக் கூடத்திலேயே குழித்தறி. அம்மா விடியலில் ராட்டையில் தார் சுற்றுவார். பாவில் அறுந்த இழைகளைப் பிணைப்பார். அப்பா வெளியே போனால் தறியில் இறங்குவார். நானும் கல்லூரி விடுமுறைகளில் நெய்தேன். சேலைக்கான கூலி அப்பாவின் பெயரில் வந்தது.

குடும்பத் தொழிலில் கூலியின்றி உழைப்பதும் வேலையே என்கிறது 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் விதி. ஆனால் கணக்கெடுப்பவர் வாசலில் கேட்டபோது அப்பா, "அவ வீட்லதான் இருக்கா சார்" என்றார். 'வீட்டுக் கடமைகள்' என்பது வேலை செய்யாதோருக்கான பிரிவு. அம்மா அதில் சேர்ந்தார். 2019-20 கைத்தறிக் கணக்கெடுப்போ நாட்டின் 35.22 லட்சம் கைத்தறித் தொழிலாளர்களில் 72 சதவீதத்துக்கும் மேல் பெண்கள் என்றது. ஒரு கணக்கில் தொழிலாளி, இன்னொன்றில் வீட்டோடு இருப்பவள். இரண்டு கணக்குக்கும் வீடு ஒன்றுதான்.

அண்மையில் அந்தப் பழைய விளம்பரத்தின் பொருளை அம்மாவுக்கு விளக்கினேன். கை நிற்காமல் தார் சுற்றியபடியே கேட்டவர் சொன்னார்:

"நெய்யத் தெரியும்னு போட்டிருக்கலாமே. ஒரு வரிதானே கூட ஆகியிருக்கும்."