ஒளியும் லயமும்: மஸ்கெலியா நீர்மின்வலு வரலாறு பற்றிய ஒரு குறிப்பு

இலங்கையின் மின்வலு வரலாறு பெரும்பாலும் பொறியியலாளரின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. அதன் நாயகர் டி. ஜே. விமலசுரேந்திர. நாட்டின் ஆறுகளிலிருந்து மின்வலு பெறுவதன் பொருளாதாரம் குறித்து 1918 இல் இலங்கைப் பொறியியலாளர் சங்கத்தில் அவர் படித்த கட்டுரை, இறக்குமதி எரிபொருளை நம்பியிருந்த குடியேற்ற நாடொன்றில் உள்ளூர் அறிவு விடுத்த அறைகூவல் எனலாம். 1924 இல் தொடங்கிய வேலை நிதியைக் காரணங்காட்டி இடையில் நிறுத்தப்பட்டது. 1950 இலேயே லக்சபான நிலையம் இயங்கத் தொடங்கியது. விமலசுரேந்திரவின் பெருமையை நாம் குறைத்து மதிப்பவரல்லர். ஆயினும் மஸ்கெலியாவில் நின்று நோக்கும்போது, இவ்வரலாற்றில் ஒரு சாரார் முற்றாக விடுபட்டிருப்பது தெரிகிறது.

இலக்கியத்தைத் தொழிலாகக் கொண்ட எமக்கு மின்வலுவில் என்ன வேலை என்று வினவப்படலாம். ஒளி என்ற சொல்லை உருவகமாகவே பயின்று பழகியவர் நாம். லயத்துப் பிள்ளைக்கோ அது குப்பி விளக்கிலே எஞ்சியிருந்த மண்ணெண்ணெய்க் கணக்கு. ஒரே சொல்லின் பொருள் வர்க்கத்துக்கு வர்க்கம் வேறுபடுவதை ஆராய்வது இலக்கிய மாணவனின் கடமைக்குப் புறம்பானதன்று.

லக்சபானவுக்கு முன்னரே மலையகத்தில் நீர்வலு இருந்தது. ஓடைகளை மறித்துக் குழாய்வழி நீரை இறக்கி, சில்லைச் சுழற்றி, தேயிலைத் தொழிற்சாலைகளின் பொறிகளை இயக்கும் முறையைத் தோட்டத்துரைமார் நூற்றுக்கணக்கான இடங்களிற் கையாண்டனர். அவ்வாறு பிறந்த மின்சாரம் ‘ஸ்டோர்’ எனத் தொழிலாளர் வழங்கும் தொழிற்சாலைக்கும் துரையின் பங்களாவுக்கும் சென்றது. லயம் பெரும்பாலும் இருளிலேயே கிடந்தது. தேசிய மின்கம்பி வந்தபின் இச்சிறு நிலையங்கள் பல கைவிடப்பட்டன. தூய வலு என்பது தன்னளவில் நீதியான வலுவாகிவிடாது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

லக்சபானவின் காலமும் மனங்கொளத்தக்கது. 1947 பொதுத்தேர்தலில் மஸ்கெலியாத் தொகுதி இலங்கை இந்தியக் காங்கிரசின் ஜி. ஆர். மோத்தாவைப் பாராளுமன்றம் அனுப்பியது. மறு ஆண்டே குடியுரிமைச் சட்டம் வந்தது. அதன் விளைவாக 1952 தேர்தலில் இம்மக்களிற் பெரும்பாலோர் வாக்கற்றோராயினர். குடிமக்களுக்கு ஒளி வழங்கும் நிலையம் இயங்கத் தொடங்கியபோது, அதன் அயலில் வாழ்ந்தோர் குடிமக்களாகக் கணிக்கப்படவில்லை.

பின்னர் வளர்ச்சி துரிதமாயிற்று. கெஹெல்கமு ஓயாவில் காசல்ரீ அணை 1965 இல் எழுந்தது. மஸ்கெலி ஓயாவில் மவுசாகலை அணை 1969 இல் எழுந்தது. இலங்கை மின்சார சபை நிறுவப்பட்டதும் அதே ஆண்டிலேதான். மவுசாகலையின் நீர் இன்று கெனியன், புதிய லக்சபான, பொல்பிட்டிய ஆகிய மூன்று நிலையங்களின் சுழலிகளை ஒன்றன்பின் ஒன்றாகச் சுழற்றிவிட்டுக் களனி கங்கையாய்க் கொழும்பை நோக்கி இறங்குகிறது. ஒரே நீரிடம் மும்முறை வேலை வாங்கும் இவ்வேற்பாடு பொறியியற் சாதனையே. தோட்டத்தில் வேலை வாங்கப்படுவோர்க்கு இது புதுமையாகத் தோன்றியிராது.

பழைய மஸ்கெலியா நகர் அந்நீரின் அடியிற் கிடக்கிறது. கடும் வறட்சியில் நீர்மட்டம் தாழும்போது கோவிலும் விகாரையும் பள்ளிவாசலும் சிதைந்த நிலையில் வெளிப்படுகின்றன. அணை எழுந்த காலம் 1964 ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கென எண்ணி ஒதுக்கியிருந்த காலமுமாகும். ஊர் நீருக்குள்ளும் உறவினர் கடலுக்கப்பாலும் செல்ல, எஞ்சியோர் புதிய மஸ்கெலியாவை அமைத்துக்கொண்டனர்.

1990களின் நடுப்பகுதிவரை நாட்டின் மின்சாரத்தில் மிகப்பெரும் பங்கு நீரிலிருந்தே பெறப்பட்டது. 1996 வறட்சியின் பின் எண்ணெயும், 2011 முதல் நுரைச்சோலை நிலக்கரியும் இடம்பிடித்தன. இப்பொழுது 2030 அளவில் மின் உற்பத்தியின் 70 வீதத்தைப் புதுப்பிக்கத்தக்க மூலங்களிலிருந்து பெறுவது அரசின் இலக்காகும். இதனைப் புதிய தொடக்கமாகப் பேசுவோர், மஸ்கெலியாவில் முந்திய அத்தியாயம் ஒன்று இருப்பதை மறந்துவிடுகின்றனர்.

அவ்வத்தியாயம் எழுப்பும் வினா உடைமை பற்றியது. 2016 இல் தொடங்கிய கூரைச் சூரியமின் திட்டம், வீட்டுக்காரர் தம் கூரையில் மின்சாரம் பிறப்பித்து விற்கலாம் என்கிறது. லயத்துக் கூரை யாருடையது? 1975 இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992 இல் நிர்வாகம் மீண்டும் தனியார் கம்பனிகளிடம் சென்றது. இரு தடவையும் அக்கூரை கைமாறியது. அதன்கீழ் வாழ்பவரிடம் மட்டும் வரவில்லை. 1990களுக்குப் பின்னரே லயங்களுக்கு மின்சாரம் பரவலாகச் சென்றது. அதற்கும் தோட்ட நிர்வாகத்தின் இசைவு வேண்டியிருந்தது. அண்மைக் காலத்தில் ஏழு பேர்ச்சஸ் காணியும் உறுதியும் பெற்ற குடும்பங்கள் உண்டு. ஆயினும் அவை சிறுபான்மையே.

லயத்து மின்பட்டியல் யாருடைய பெயரில் வருகிறது, கூரைமீது யாருக்கு உரிமை என்பன தோட்டந்தோறும் சென்று பதியப்படல் வேண்டும். எமது சங்கத்து மாணவர் சாமிமலை, நல்லதண்ணிப் பகுதிகளிலிருந்து இப்பணியைத் தொடங்கலாம். பழைய மஸ்கெலியாவின் தெருக்களை நினைவிற்கொண்ட முதியோர் சிலர் அங்கு இன்னும் உளர். அவர்தம் சொற்களையும் அவ்வேளையிலேயே கேட்டெழுதுதல் தகும்.