சென்ற ஆண்டு மரியன்பாடில்

அலென் ரெனே இயக்கத்தில் 1961இல் வெளிவந்த பிரெஞ்சுக் கறுப்பு வெள்ளைத் திரைப்படம். 94 நிமிடம் ஓடும். திரைக்கதை, 'புதிய நாவல்' என்ற இலக்கிய இயக்கத்தின் எழுத்தாளர்களுள் முதன்மையானவரான அலென் ராப்-கிரியே எழுதியது. 'ஹிரோஷிமா என் காதலே' (1959) படத்தில் நினைவையும் மறதியையும் கையாண்ட ரெனே, அதே பொருளை இதில் எல்லைவரை கொண்டுசென்றார்.

அரண்மனை போன்ற ஒரு விடுதியில், ஒருவன் ஒரு பெண்ணிடம் சென்ற ஆண்டு தாங்கள் காதலித்ததாகவும், ஓராண்டு பொறுக்கும்படி அவளே கேட்டதாகவும் சொல்கிறான். அவள் மறுக்கிறாள். கதை இவ்வளவே, மாந்தர் எவருக்கும் பெயரில்லை. சொன்ன சொற்களே சற்று மாறி மறுபடி வருகின்றன. பேச்சு தொடரும்போதே உடையும் இடமும் மாறிவிடுகின்றன. நடந்தது எது, கற்பனை எது என்று பிரித்துக்காட்ட ஒரு குறிப்பும் இல்லை. புகழ்பெற்ற தோட்டக் காட்சியில் மனிதர்களுக்கு நீண்ட நிழல் உண்டு, மரங்களுக்கு இல்லை. அந்த நிழல்கள் தரையில் தீட்டப்பட்டவை.

வெளிப்புறக் காட்சிகளும் அரண்மனைக் காட்சிகள் பலவும் ம்யூனிக் பகுதியில், நிம்ஃபன்பர்க், ஷ்லைஸ்ஹைம் அரண்மனைகளில் எடுக்கப்பட்டன. ஒளிப்பதிவு சாஷா வியெர்னி. நாயகி டெல்ஃபின் செரிக்; படம் முழுதும் ஒலிக்கும் ஆர்கன் இசை அவருடைய சகோதரர் ஃபிரான்சிஸ் செரிக் அமைத்தது.

வெனிஸ் விழாவில் 1961ஆம் ஆண்டின் தங்கச் சிங்கம் விருது கிடைத்தது. ராப்-கிரியேவின் திரைக்கதை ஆஸ்கருக்கும் பரிந்துரைக்கப்பட்டது. ஆனால் பார்த்தவர்கள் இரண்டாகப் பிரிந்தனர். மனம் இயங்கும் விதத்தையே திரையில் கண்டதாக ஒரு சாரார் வியந்தனர். உயிரற்ற பொம்மைகளின் அலங்கார அணிவகுப்பு என்று மறுசாரார் சலித்தனர். அமெரிக்க விமர்சகர் பாலின் கேல் கடுமையாகச் சாடினார். 1978இல் வெளிவந்த, உலகின் மிக மோசமான 50 படங்களைத் தொகுத்த நூலிலும் இது இடம்பெற்றது. அந்தத் தீர்ப்பு நியாயமற்றது. விடை தராததைக் குறை என்று கொள்வோர் படத்தின் அடிப்படையையே தவறவிடுகின்றனர். படைத்தவர்களுக்குள்ளேயே ஒருமித்த விடை இருக்கவில்லை: சென்ற ஆண்டு அவர்கள் சந்தித்தார்கள் என்ற எண்ணத்துடன் ரெனே படமாக்கினார், அப்படி ஓர் ஆண்டே இல்லை என்பது ராப்-கிரியேவின் நிலை.

படத்தில் 1, 3, 5, 7 என்ற வரிசைகளில் குச்சிகளை அடுக்கி ஆடும் ஆட்டம் பின்னர் 'மரியன்பாட்' என்றே பெயர் பெற்றுப் பரவியது. ஸ்டான்லி குப்ரிக்கின் 'தி ஷைனிங்' (1980) படத்தின் விடுதித் தாழ்வாரங்களில் இதன் சாயலை விமர்சகர்கள் சுட்டியுள்ளனர்.