கோடியக்கரை போறீங்களா? பூநாரையைப் பார்த்ததும் கிளம்பிடாதீங்க!

டிசம்பர், ஜனவரியில் கோடியக்கரைக்குப் போகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, ''ஃபிளமிங்கோ எங்கே நிக்குது?'' தப்பில்லை. பூநாரைக் கூட்டத்தைப் பார்க்கவே நாகப்பட்டினம் மாவட்டத்தின் இந்தக் கடைக்கோடிக்கு எத்தனை முறை வேண்டுமானாலும் போகலாம். ஆனால், அதோடு வண்டியைத் திருப்பினால் பாதி கோடியக்கரையைத் தவறவிட்டீர்கள் என்று அர்த்தம்.

முதல் நாள் இரவே வேதாரண்யம் வந்து தங்கிடுங்க. அங்கிருந்து சுமார் 10 கி.மீ.தான். விடியும்போது சதுப்பு நிலத்தின் ஓரம் இருக்க வேண்டும். (வனத்துறை அனுமதியை முன்கூட்டியே கேட்டு வைப்பது நல்லது.) வேதாரண்யம் சாலைக்கு மேற்கே சதுப்பு விரிவதால், காலை வெயில் உங்கள் முதுகுப்பக்கம் இருக்கும், பறவையின் நிறம் தெளிவாகத் தெரியும். மாலையில் அதே இடத்தில் வெறும் நிழலுருவம்தான்.

அடுத்து, தண்ணீரைப் பாருங்க. எந்தப் பறவை எங்கே நிற்கும் என்பதைத் தீர்மானிப்பது ஆழம்தான். நெட்டைக்கால் பூநாரை முழங்கால் அளவுத் தண்ணீரிலும் மேயும். கொசு உள்ளானுக்கு ஈரச் சேறுதான் வேண்டும். வடகிழக்குப் பருவமழை கொட்டித் தீர்த்தால், உள்ளான்கள் ஆழம் குறைந்த இடம் தேடிப் போய்விடும். 'போன வருஷம் இங்கேதானே பார்த்தோம்'னு நின்று பயனில்லை.

இந்தக் கொசு உள்ளானை, 'ஏதோ சின்னக் குருவி' என்று கடந்துவிடாதீர்கள். எடை 25 கிராம் அளவுதான். பிறந்ததோ ஆர்க்டிக் ஓரத்துத் தூந்திர நிலத்தில்! திரும்பிப் பறப்பதற்கான கொழுப்பை இந்தச் சேற்றின் புழு, பூச்சிகளிலிருந்துதான் சேர்க்க வேண்டும். போட்டோவுக்காகக் கைதட்டிப் பறக்கவிடும் ஒவ்வொரு முறையும் அந்தச் சேமிப்பில் கைவைக்கிறோம். மேய்ச்சலை நிறுத்தி, பறவைகள் தலையைத் தூக்கினாலே போதும், அப்படியே நின்றுவிடுங்கள். நல்ல பைனாகுலர் இருந்தால் நெருங்கவே வேண்டாம்.

காலில் வளையம் தெரிகிறதா? நிறத்தையும் எழுத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தினர் பல ஆண்டுகளாக இங்கே பறவைகளுக்கு வளையமிட்டு வருகிறார்கள். அவர்களுக்குத் தெரிவித்தால், அந்தப் பறவையின் பயணக் கணக்கில் உங்கள் தகவலும் சேரும்.

பத்து, பதினொரு மணிக்கு மேல் கானலில் எல்லாமே நெளியும். காட்டு நிழலுக்குப் போய்விடலாம். அக்டோபர் என்றால் ஆறுமணிக்குருவி கண்ணில் படலாம். வடக்கிலிருந்து வருகிற இதுவும் விருந்தாளிதான். சாயங்காலம் புல்வெளிப் பக்கம் வெளிமான்கள்.

தொப்பி, தண்ணீர் மறக்காதீங்க. முக்கியமாக, ஷூ. சேற்றில் ரெண்டே எட்டு வைத்த என் செருப்பில் ஒன்று இன்னும் அங்கேதான் இருக்கிறது.