சக்கிமுக்கிக் கற்குழம்பும் தொழிலாளர் நலனும்: ஸ்டாஃபர்ட்ஷயர் மட்கலத் தொழில்

18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் ஸ்டாஃபர்ட்ஷயர் குயவர், கலங்களுக்கு வெண்மையூட்டச் சுட்ட சக்கிமுக்கிக் கல்லைப் பொடித்துக் களிமண்ணில் சேர்த்தனர். அதன் சிலிக்காத் தூசி பொடிப்போரின் நுரையீரலை அழித்தது. 1726இல் தாமஸ் பென்சன் அக்கல்லை நீரில் அரைக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார்.

அரைத்த கல் தனித்து நிற்பின் நீரின் அடியில் படிந்து இறுகும். களிமண்ணின் நுண்தகடுகள் அதனைத் தாங்கியதால் குழம்பு சீராக ஓடியது. கலவையும் ஒருபடித்தாக அமைந்தது. குழம்பாக இருந்தவரை தூசி எழவில்லை. ஆனால் உலர்ந்த கலங்களை மழித்துச் செப்பனிடுகையில் அது மீண்டும் எழுந்தது. பீங்கானைச் சூளையில் அடுக்கச் சக்கிமுக்கித் தூளைப் பயன்படுத்துவதைப் பிரித்தானிய விதிகள் 1947இல்தான் தடைசெய்தன.

எனவே, பென்சனின் முறை தீங்கை ஒழிக்கவில்லை. அரைவை ஆலையிலிருந்து அடுத்த பணிக்கூடத்திற்கு இடம்பெயர்த்தது எனக் கொள்வதே பொருந்தும்.