வைட்டெமட்டா: ஒரு தொகுதிப் பெயரின் அலைச்சல்

ஆக்லாந்தின் வடமேற்கில், 16-ஆம் 18-ஆம் எண் நெடுஞ்சாலைகள் சந்திக்கும் இடத்தில் வெஸ்ட்கேட் இருக்கிறது. அதை ஒட்டிய ஊர் மாஸி. சற்றுத் தெற்கே ஹெண்டர்சன். இரண்டும் ஆட்களின் பெயர்கள். இருவருமே ஒரு காலத்தில் ஒரே நாடாளுமன்றத் தொகுதியின் உறுப்பினர்களாக இருந்தவர்கள். அந்தக் கிராமத்துத் தொகுதியின் பெயர் வைட்டெமட்டா. உறுப்பினர்களின் பெயர்கள் மண்ணில் ஊன்றிவிட்டன. தொகுதியின் பெயர் இடம்பெயர்ந்துவிட்டது.

பெயரின் பிறப்பு தண்ணீரில்: அது முதலில் ஆக்லாந்தின் துறைமுகத்துக்கு உரியது. ‘வை’ என்றால் மாவோரி மொழியில் நீர். ‘டெ’ சுட்டுச் சொல். சிக்கல் மூன்றாம் சொல்லில்தான். மாவோரியிலும் தமிழைப் போலக் குறில் நெடில் மாறினால் பொருள் மாறும். ‘மட்ட’ என்று குறிலில் முடித்தால் முகம், கண். ‘மட்டா’ என்று நீட்டினால் எரிமலைக் கண்ணாடிக் கல். ஆங்கில அச்சகங்கள் நெடில் குறியைப் போடாமலே நூறாண்டுக்கு மேல் இந்தப் பெயரை அச்சிட்டன. குறி பரவலாகத் திரும்பியது அண்மைக் காலத்தில்தான்.

‘மின்னும் நீர்’ என்று சுற்றுலாக் கையேடுகள் பொருள் சொல்கின்றன. எனக்கு அது போதவில்லை. மட்டா என்பது அழகுக்காக வைத்திருந்த கல் அல்ல. உடைத்தால் கூர்விளிம்பு தருவது, இரும்பு வருமுன் வெட்டவும் அறுக்கவும் பயன்பட்டது. தூஹுவா தீவிலிருந்து அது நாடெங்கும் பண்டமாற்றில் போனது. இன்னொரு மரபு வேறு விதமாகச் சொல்கிறது: தே அராவா மக்களின் முன்னோர் கஹுமட்டமோமொயே இந்தத் துறைமுகத்தில் உள்ள பாறையொன்றில் காவல் கல்லை நிறுவினார், அந்தப் பாறையின் பெயரால் நீருக்குப் பெயர் வந்தது என்று. பளபளப்பைவிடக் கல்லை முன்வைக்கும் இந்த விளக்கமே எனக்கு நெருக்கமாகப் படுகிறது.

1871-இல் இந்த நீரின் பெயரை ஒரு நிலத்துக்குச் சூட்டினார்கள். துறைமுகத்தின் வடக்கிலும் மேற்கிலும் பரந்திருந்த காடும் சேறும் கவுரி மரமும் கொண்ட நாட்டுப்புறம் தொகுதியாயிற்று. முதல் உறுப்பினர் தாமஸ் ஹெண்டர்சன், மர அறுவை ஆலை முதலாளி. ஆலையைச் சுற்றி எழுந்த குடியிருப்பே இன்றைய ஹெண்டர்சன். 1876-இல் வைட்டெமட்டா கவுண்டி என்ற உள்ளாட்சி அமைப்பும் வந்தது. பெயர் இப்போது இருமுறை நிலத்துக்கு உரியதாயிற்று.

மாஸியின் கதையை நியூசிலாந்தில் பலர் அறிவார்கள். வில்லியம் ஃபெர்குசன் மாஸி அயர்லாந்தின் லிமவாடியில் பிறந்த விவசாயி. 1893-இல் ஃபிராங்க்ளின் தொகுதியில் நின்று தோற்றார். அதே தேர்தலில் வைட்டெமட்டாவில் வென்ற ரிச்சர்ட் மங்க்கின் வெற்றி செல்லாது என்று தீர்ப்பாக, 1894-இல் இடைத்தேர்தல் வந்தது. மாங்கரேயில் வைக்கோல் போரின் மேல் நின்று வேலை பார்த்துக்கொண்டிருந்த மாஸிக்கு, போட்டியிட அழைக்கும் தந்தியைக் கவைக்கோலின் முனையில் குத்தி மேலே நீட்டினார்களாம். அவர் வென்றார். இரண்டே ஆண்டில் ஃபிராங்க்ளினுக்கு மாறினார். 1912 முதல் 1925-இல் இறக்கும்வரை பிரதமராக இருந்தார். வைக்கோல் போரிலிருந்து நாடாளுமன்றம் போன விவசாயி என்ற பிம்பத்தை அவருக்குக் கொடுத்தது இந்தத் தொகுதிதான். இங்கே ஓர் ஊருக்கு அவர் பெயர் இருப்பது பொருத்தமே.

அன்று கிராமத்தின் வாக்குக்குக் கூடுதல் எடை இருந்தது. ‘கன்ட்ரி கோட்டா’ என்ற ஏற்பாடு 1881-இல் சட்டமானது. தொகுதி எல்லை வகுக்கையில் நாட்டுப்புற மக்கள்தொகையோடு ஒரு பங்கைக் கூட்டிக் கணக்கிடுவார்கள். முதலில் மூன்றில் ஒரு பங்கு, 1887-இல் 18 விழுக்காடு, 1889 முதல் 28 விழுக்காடு. அதாவது நூறு கிராமத்தார் நூற்று இருபத்தெட்டுப் பேராக எண்ணப்பட்டார்கள். 1945-இல் தொழிற்கட்சி அரசு அதை ஒழித்தது. ஒருவருக்கு ஒரே எடை என்பது நியாயம்தான். 1946-இல் எல்லைகள் புதிதாக வகுக்கப்பட்டபோது வைட்டெமட்டா காணாமல்போனது. 1954-இல் மீண்டும் வந்து, 1978-இல் ஒரேயடியாகப் போனது. இடையில் 1959-இல் துறைமுகப் பாலம் திறக்கப்பட்டது. பழத்தோட்டங்களும் திராட்சைக் கொல்லைகளும் வீட்டுமனைகளாகின. கடைசி உறுப்பினர் டெய்ல் ஜோன்ஸ், கராச்சியில் பிறந்தவர், புதிதாக அமைந்த ஹெலன்ஸ்வில் தொகுதிக்குப் போனார். அது ஜான் மெக்லியோட் என்ற மர வியாபாரி மனைவி ஹெலனின் பெயரில் கட்டிய வீட்டிலிருந்து ஊருக்கு வந்த பெயர். அங்கே முன்பிருந்த மாவோரிப் பெயர் தே அவரோவா.

உள்ளாட்சியில் பெயர் இன்னும் கொஞ்சம் தாக்குப்பிடித்தது. 1974-இல் கவுண்டி கலைந்து வைட்டெமட்டா நகரம் உருவானது. 1989-இல் அதுவும் வைட்டாகெரே நகரத்தில் கரைந்தது. 2010-இல் ஆக்லாந்து முழுவதும் ஒரே மாநகராட்சியானபோது ‘வைட்டெமட்டா உள்ளூர் வாரியம்’ என்ற பெயர் வானளாவிகள் நிற்கும் நகர மையத்துக்குப் போயிற்று. கவுரிக் காட்டுக்கும் பால்பண்ணைக்கும் இடப்பட்ட பெயர் வங்கிகளின் தெருவுக்கு! துறைமுகம் இரு கரைக்கும் பொதுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பெயரில் நூறாண்டு ஓட்டுப்போட்டவர்கள் மேற்குப் பகுதிக்காரர்கள்.

தமிழ்நாட்டில் 2008 மறுவரையறையில் புதுக்கோட்டை மக்களவைத் தொகுதிக்கு நேர்ந்ததும் இதுவே. அதன் சட்டமன்றத் தொகுதிகள் திருச்சி, கரூர், சிவகங்கை, ராமநாதபுரம் என்று நான்கு பக்கம் பிரிந்தன. மாவட்டத்தின் பெயர் இருக்கிறது; டெல்லியில் அந்தப் பெயரில் ஆள் இல்லை. வாக்காளர் எண்ணிக்கையைச் சமன்செய்யும் கணக்கில் ஊர்ப்பெயருக்கு இடமில்லை என்பதைப் புதுக்கோட்டைக்காரர்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

2014-இல் ஆக்லாந்தின் வடமேற்கில் புதிய தொகுதியொன்று அமைந்தது: அப்பர் ஹார்பர். துறைமுகத்தின் மேற்பகுதி என்பதே பொருள். எந்தத் துறைமுகம் என்று பெயரே சொல்லவில்லை. அது வைட்டெமட்டாதான். 2020-இல் இங்கே வென்றவர் இலங்கையில் பிறந்த வனுஷி வால்ட்டர்ஸ். 2023 வரை உறுப்பினராக இருந்தார். அவருடைய தொகுதியின் பெயரில் நீர் இருந்தது, நீரின் பெயர் இல்லை. தொகுதிகளுக்குப் பெயரிடும் பிரதிநிதித்துவ ஆணையம், மக்கள்தொகைக் கணக்கெடுப்பை ஒட்டி எல்லைகளை மறுபடி பார்க்கிறது. அப்போது பெயர்களும் மாறலாம். அடுத்த முறை வடமேற்கைப் பற்றிப் பேசும்போது, நெடில் குறியோடு அந்தப் பழைய பெயரை மேசைமேல் வைக்க வேண்டும் என்பது என் கோரிக்கை.