திந்திரிணி வனத்தில் ஓர் இந்தியத் தற்காப்பு

திந்திரிணி என்னும் வடசொல் புளிய மரத்தைக் குறிக்கும். அம்மரங்கள் அடர்ந்திருந்த வனமே நாவழக்கில் தேய்ந்து திண்டிவனம் ஆயிற்று. ஓர் ஊரின் பெயருக்குள் புளியங்காடு மறைந்திருப்பது போலவே, சதுரங்கத்தின் தொடக்க ஆட்டம் ஒன்றின் பெயருக்குள்ளும் ஒரு மனிதர் மறைந்திருக்கிறார்.

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்து விடுமுறைப் பந்தயங்களில், ஜீவனத்துக்காக அன்றிப் பிரியத்தினால் மட்டுமே ஆட வரும் ஒரு மாணவனோ குமாஸ்தாவோ, எதிரி தன் ராணியின் முன்நிற்கும் சிப்பாயை இரண்டு கட்டம் செலுத்தியதும், பதிலுக்கு மத்தியைப் பிடிக்க ஓடாமல், ராஜா பக்கத்துக் குதிரையை வெளியே எடுத்து, அது நின்ற கட்டத்துக்கு முன்னுள்ள சிப்பாயை ஒரே கட்டம் நகர்த்தி, பின் அந்தச் சிப்பாய் விட்ட இடத்தில் மந்திரியை அமர்த்துவானாயின், அருகிருப்போர் அதனைக் 'கிங்ஸ் இந்தியன்' என்பார்கள்.

அந்த இந்தியர் மகேஷ் சந்திர பானர்ஜி. வங்காளத்துக் கிராமம் ஒன்றில், தோல்வியே அறியாதவர் என்ற பிரசித்தியோடு வாழ்ந்த இந்தப் பிராமணரைக் கல்கத்தா சதுரங்கக் கழகத்தார் கண்டெடுத்து, பாரிஸ்டர் ஜான் காக்ரேனுக்கு எதிரே உட்கார வைத்தனர். 1848 முதல் 1860 வரை அவ்விருவரும் ஆடிய ஆட்டங்கள் அநேகம். காக்ரேனே பெரும்பாலும் வென்றார். ஆயினும் என் மனம் நாடுவது மகேஷ் சந்திரரின் பக்கமே. ஏனெனில் நம் நாட்டுப் பழைய முறையில் சிப்பாய்க்கு முதல் நகர்விலும் ஒரு கட்டத்துக்கு மேல் உரிமை இல்லை. கோட்டை கட்டுவதும் இல்லை, ராஜா தன் ஆயுளில் ஒரே முறை குதிரைபோல் தாவலாம், அவ்வளவே. அந்த விதிகளில் ஊறிய கைக்கு, அவசரமின்றிப் பக்கவாட்டில் அரண் அமைத்து, மூலையிலிருந்து மூலைக்கு நீளும் கோட்டில் மந்திரியை நிறுத்தி, மத்தியை எதிரிக்கு விட்டுக்கொடுத்துப் பிறகு அதனைத் தாக்குவது சுபாவமாகவே வந்திருக்க வேண்டும்.

1855-இல் அவர் ஆடிய மற்றொரு தற்காப்பு, 1922-இல் அதனை ஆடிய எர்ன்ஸ்ட் குரூன்ஃபெல்டின் பெயரையே இன்றளவும் தாங்கி நிற்பது எனக்குத் துக்கமே தருகிறது. ஐரோப்பியப் புத்தகங்களின் வழியாகவும், 1961-இல் இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டர் ஆன மானுவேல் ஆரன் சென்னையில் வளர்த்த சதுரங்க ஆர்வத்தின் வழியாகவும் மகேஷ் சந்திரரின் ஆட்டமுறை நம்மிடம் மீண்டு வந்தது.

இன்றைய விதி சிப்பாய்க்கு முதல் நகர்வில் இரண்டு கட்டம் அனுமதிக்கிறது. திண்டிவனத்துச் சிறுவனின் விரல்களோ அந்தச் சிப்பாயை ஒரே கட்டத்தில் நிறுத்திவிட்டு, மேலே தொடாமல் விலகிக்கொள்கின்றன.