அரை மணிப் பார்வைக்கு 1,400 கிலோமீட்டர்

1964 ஆகஸ்ட் கடைசியில் ராபன் தீவுச் சிறையில் நெல்சன் மண்டேலாவிடம், நாளை உன்னைப் பார்க்க ஆள் வருகிறார்கள் என்று மட்டும் சொன்னார்கள். யார் என்று சொல்லவில்லை. வால்டர் சிசுலுவுக்கும் அதே தகவல். ரிவோனியா வழக்கில் ஆயுள் தண்டனை பெற்று இருவரும் தீவுக்கு வந்து மூன்று மாதம்கூட ஆகியிருக்கவில்லை. மறுநாள் படகில் வந்து இறங்கியவர்கள் அவர்களுடைய மனைவியர் வின்னி மண்டேலாவும் ஆல்பர்ட்டினா சிசுலுவும்.

அந்தப் படகில் கால் வைப்பதற்குள் ஒரு குடும்பம் என்னென்ன பாடு பட்டது என்பது அந்தத் தீவின் வரலாற்றில் பாதி. கைதிகள் உழைத்த சுண்ணாம்புக் குவாரியைப் பற்றி எழுதப்பட்ட அளவுக்கு அதைப் பற்றி எழுதப்படவில்லை.

அரசியல் கைதிகளைக் கடைசிப் படியான ‘டி’ பிரிவில் வைத்தார்கள். அந்தப் பிரிவுக்கு ஆறு மாதத்துக்கு ஒரு பார்வை, ஒரு கடிதம். பார்வை நேரம் அரை மணி. அதற்கு முதலில் சிறை நிர்வாகத்துக்கு மனு எழுதி அனுமதிக்காகக் காத்திருக்க வேண்டும். அது கிடைத்தபின் பயணத்தைப் பற்றி யோசிக்கலாம். ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து கேப் டவுன் சுமார் 1,400 கிலோமீட்டர். சென்னையிலிருந்து மும்பைக்குப் போவதைவிடத் தூரம். அப்போது கறுப்பினத்தவர் ‘பாஸ்’ என்ற அனுமதிப் புத்தகம் இல்லாமல் நடமாட முடியாது. தனி அனுமதி இல்லாமல் வெளியூர் நகரத்தில் 72 மணி நேரத்துக்கு மேல் தங்கவும் முடியாது. இந்திய வம்சாவளியினருக்கு வேறொரு வேலி: 1975 வரை ஒரு மாகாணத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகவே அனுமதிச் சீட்டு வேண்டியிருந்தது. காந்தியோடு சத்தியாகிரகத்தில் நின்ற தமிழர் தம்பி நாயுடுவின் பேரன் இந்திரஸ் நாயுடு அதே தீவில் பத்தாண்டு இருந்தார். ஜோகன்னஸ்பர்க்கில் இருந்த அவர் வீட்டாருக்கும் இதே சட்டம்தான்.

வின்னியின் மீது தடை உத்தரவு இருந்தது. ஊரை விட்டு வெளியேற ஒவ்வொரு முறையும் தனி அனுமதி. செலவு குறைவான ரயிலில் போகக் கூடாது, விமானத்தில்தான் போக வேண்டும் என்றும் நிபந்தனை போட்டார்கள். முதல் பார்வைக்குப் பிறகு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் அவரால் திரும்ப வர முடியவில்லை. 1966இல் வந்தபோது, போலீசாரிடம் பெயரும் முகவரியும் சரியாகத் தரவில்லை என்று வழக்குப் போட்டார்கள். அதில் நான்கு நாள் அவரே சிறையில் இருந்தார். சமூகப் பணியாளர் வேலையும் போனது. பார்க்க வருகிறவரையும் தண்டிப்பதுதான் அரசின் நோக்கம் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

பார்வை அறைக்கு ஜன்னல் கிடையாது. கைதிக்கும் வந்தவருக்கும் நடுவே தடித்த, மங்கிய கண்ணாடி. குரல் போக அதில் சில சிறு துளைகள். இரண்டு பக்கமும் ஆளின் முதுகுக்குப் பின்னால் காவலர்கள். குடும்ப விஷயம் தவிர வேறு பேசக் கூடாது. ஆங்கிலம் அல்லது ஆப்பிரிக்கான்ஸ் மொழியில்தான் பேச வேண்டும். மண்டேலா வீட்டில் பேசிய கோசா மொழிக்கு அங்கே இடமில்லை. காவலருக்குத் தெரியாத பெயர் வாயில் வந்தால் யார் அது என்று குறுக்கே விழுவார்கள்.

ஆகவே வருகிறவர் சொல்ல வேண்டியதை முன்கூட்டியே மனத்தில் அடுக்கிக்கொண்டு வர வேண்டியிருந்தது. பழகப் பழகக் குடும்பங்கள் தமக்கென்று ஒரு பேச்சை உண்டாக்கிக்கொண்டன. தேவாலயம் எப்படி இருக்கிறது என்று கைதி கேட்டால், அவர்களுடைய கட்சியான ஆப்பிரிக்கத் தேசிய காங்கிரஸ் எப்படி இருக்கிறது என்று பொருள்.

1968இல் டிரான்ஸ்கையிலிருந்து மண்டேலாவின் தாய் நோசெக்கெனி வந்தார். தொலைவிலிருந்து வந்தவர் என்பதால் அரை மணியை முக்கால் மணியாக்கினார்கள். சில வாரங்களில் அவர் இறந்துபோனார். இறுதிச் சடங்குக்குப் போக மகனுக்கு அனுமதி தரவில்லை.

இரண்டு வயதுக்கு மேல் பதினாறு வயதுக்குள் இருக்கும் பிள்ளைகள் சிறைக்குள் வரக் கூடாது என்பது இருந்த விதிகளிலேயே கொடியது. மண்டேலாவின் சின்ன மகள் ஜிண்ட்சி தகப்பனைக் கடைசியாகப் பார்த்தது மூன்று வயதில். 1975இல், அவளுக்குப் பதினைந்து வயதாக இருக்கும்போதே, பிறப்பு ஆவணத்தில் வயதை மாற்றி அழைத்துவந்தார் வின்னி. புகைப்படத்தில் மட்டும் அப்பாவை அறிந்த பெண் அவள். உள்ளே ஐம்பத்தேழு வயதுக் கைதியும் தயாரானார்: கிழவனாகத் தெரிந்துவிடக் கூடாது என்று அன்று காலை புதிதாய்த் துவைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு, தோற்றத்தில் வழக்கத்தைவிட அக்கறை காட்டினார்.

பேர் தெரியாத நூற்றுக்கணக்கான கைதிகளின் வீட்டாருக்குக் கேப் டவுனில் இரவு தங்கவும் இடம் இருக்கவில்லை. 1978 முதல் அந்தக் குறையைத் தீர்த்தது உட்ஸ்டாக் பகுதியிலுள்ள கௌலி இல்லம். ஆங்கிலிக்கன் துறவியர் வாழ்ந்த கட்டடம் அது. கைதிகளின் குடும்பங்களுக்கு உதவிய திருச்சபை அமைப்பினர் அங்கே படுக்கையும் சாப்பாடும் தந்தார்கள். ரயிலடியிலிருந்து அழைத்துவந்து படகுத்துறை வரை கொண்டுபோய் விட்டார்கள். முதல் தடவை வருகிற பெண்ணுக்கு, முன்பே போய்வந்த பெண்கள் அதே கூரையின் கீழ் இருந்தார்கள். எதைப் பேசலாம், எதைப் பேசக் கூடாது என்று கேட்டுத் தெரிந்துகொள்ள அதைவிட நல்ல இடம் கிடையாது. விடுதலையாகி வந்தவர்களும் ஊர் திரும்பும் வழியில் அங்கே தங்கினார்கள்.

கடைசி அரசியல் கைதிகள் 1991இல் தீவை விட்டு வெளியேறினார்கள். 1993இல் கௌலி இல்லத்தில் வன்முறையாலும் சித்திரவதையாலும் பாதிக்கப்பட்டவர்களுக்கான மனநல மையம் தொடங்கப்பட்டது.